ஆசிரியர் பெயர் மறைந்த கும்மிப் பாட்டுகள்: பெயரும் ஆக்கியோரும் துணியும் நெறி

முன்னுரை

தமிழ்நாட்டு ஊர்களில் ஆட்டத்தோடு பாடப்பெறும் கும்மி, கோலாட்டம், ஒயிலாட்டம் ஆகியவற்றின் பாட்டுகள் பல அச்சேறியுள்ளன. மு. அருணாசலம் 1943இல் வெளியிட்ட 'காற்றிலே மிதந்த கவிதை', பெர்சி மக்வீன் திரட்டிய பாட்டுகளைக் கி. வா. ஜகந்நாதன் 1958இல் பதிப்பித்த 'மலையருவி', நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' என்பன இத்துறைக்கு அடிகோலியவை. பின்னர்ப் பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளில் பட்டம் நோக்கி எழுதப்பட்ட ஆய்வேடுகளின் பின்னிணைப்புகளாகவும் இத்தகைய பாட்டுகள் மிகுதியாகச் சேர்ந்துள்ளன. இவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. பலவற்றுக்குத் தலைப்பும் தொகுத்தோர் இட்டதேயாகும்.

பாட்டு ஒன்று ஆசிரியர் பெயரின்றிக் கிடைக்குமாயின், அது நாட்டுப்பாடல் என்றும், நாட்டுப்பாடலாதலின் அதற்கு ஆசிரியர் இலர் என்றும் கூறிவிடுதல் நம்மிடையே வழக்கமாயிற்று. இக்கூற்று ஆராயத்தக்கது. ஆசிரியர் இல்லாமை வேறு. ஆசிரியர் பெயர் தெரியாமை வேறு. முன்னது பாட்டின் இயல்பைக் குறிப்பது. பின்னது நம் அறிவின் எல்லையைக் குறிப்பது. பின்னதனை முன்னதாகக் கொள்ளும்போது, உண்மையில் வாழ்ந்து, தம் பெயரையும் ஊரையும் பாட்டில் வைத்துச் சென்ற ஒருவரை நாமே இல்லாதவராக்கி விடுகின்றோம். இது நேராவண்ணம், பெயர் மறைந்த கும்மிப் பாட்டுகளின் தலைப்பையும் ஆக்கியோரையும் எவ்வெச்சான்றுகளால், எவ்வளவு உறுதியோடு துணியலாம் என்பதனை இக்கட்டுரை ஆராய்கின்றது.

பெயர் மறையும் வழிகள்

கும்மிப் பாட்டு பலர் கூடிப் பாடுவது. ஒருத்தி முன்பாட, ஏனையோர் பின்பாடிக் கை கொட்டிச் சுற்றி வருவர். இத்தகைய ஆட்டத்தில் தனியாள் பெயர் பின்னிற்றல் இயல்பே. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் ஆடும் மகளிர் எழுவரும் தம் இயற்பெயர் நீங்கி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் இசைப்பெயர் பெறுகின்றனர். ஆட்டத்துள் நின்ற இடமே அவர்க்குப் பெயராகின்றது. ஆடுவோர்க்கு நேர்ந்த இந்நிலை, காலப்போக்கில் பாட்டு இயற்றியோர்க்கும் நேர்ந்தது.

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் பண்ணத்தி என்பதற்கு உரை வரைந்த பேராசிரியர், எழுதிவைக்கும் வழக்கம் பெறாத பாட்டுகளை அதன்பாற் படுத்துவர். எழுதப்படாத பாட்டிற் பெயர் நிலைத்தற்குரிய இடம் பாட்டின் உள்ளே மட்டுமே உண்டு. பெயர் பொதிந்த கண்ணி பெரும்பாலும் இறுதிக்கண் வரும். ஆட்டம் நீண்டு பாடுவோர் களைப்புறும்போது முதலிற் கைவிடப்படுவதும் இறுதிக் கண்ணியே. எனவே பாட்டு முழுமையாக வழங்கும்போதே ஆசிரியர் பெயர் மட்டும் உதிர்ந்துவிடுதல் கூடும்.

அச்சிட்ட சிறு நூல்களிலும் இவ்விழப்பு வேறு வகையால் நிகழ்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் குசிலிக்கடைப் பதிப்புகளாகப் பரவிய கும்மி, சிந்து, அலங்காரம் முதலியன சில தாள்களே கொண்டவை. அவற்றில் ஆசிரியர் பெயர் மேலுறையிலேயே பெரும்பாலும் காணப்படும். கைபட்டு முதலிற் கிழிவதும் மேலுறையே. உறையிழந்த நூலைக் கற்ற ஒருத்தியிடமிருந்து பிறர் வாய்மொழியாகக் கற்கும்போது, அச்சுநூலின் வழிவந்த பாட்டு ஒரு தலைமுறைக்குள் 'வழிவழிப் பாட்டு' ஆகிவிடுகின்றது.

மூன்றாவது வழி தொகுத்தோரால் நேர்வது. "இது யார் பாட்டு?" என்று வினவின், பாடுவோர் "எல்லாரும் பாடுறதுதான்" என்பர். வினா அவ்வளவில் முடிந்துவிடும். "இதனை யாரிடம் கற்றீர்கள்? அவர் எவ்வூரில் கற்றார்? புத்தகம் இருந்ததா?" என்று தொடர்ந்து வினவியிருப்பின் வேறு விடை கிடைத்திருக்கலாம். நா. வானமாமலையின் தொகுப்பில் பாட்டுகளின் கீழ்ச் சேகரித்தவர் பெயரும் இடமும் தரப்பட்டிருத்தல் இவ்வகையில் போற்றத்தக்கது. அக்குறிப்புகளே பின்வருவோர் ஆராய்ச்சியைத் தொடங்குதற்கு இடம் தருகின்றன.

சங்கத்தொகை காட்டும் முன்மாதிரி

பெயர் மறைந்த பாட்டை எவ்வாறு கையாளுதல் வேண்டும் என்பதற்குச் சங்க இலக்கியத்தைத் தொகுத்தோரே வழிகாட்டியுள்ளனர். சங்கப் பாட்டுகள் 2381 என்றும், பெயர் தெரிந்த புலவர் 473 பேர் என்றும், ஆசிரியர் பெயர் காணப்படாத பாட்டுகள் 102 என்றும் கணக்கிடுவர். பெயர் தெரிந்தாருள்ளும் சிலர் இயற்பெயரால் அறியப்படாதவர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், குப்பைக்கோழியார், தொடித்தலை விழுத்தண்டினார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்பன அவரவர் பாட்டில் அமைந்த அருந்தொடரால் வந்த பெயர்கள்.

இதிற் கொள்ளத்தக்கன இரண்டு. பெயர் தெரியாத இடத்துத் தொகுத்தோர் புகழ்பெற்ற கபிலர் பெயரையோ பரணர் பெயரையோ ஏற்றிவிடவில்லை என்பது ஒன்று. பாட்டைப் பெயரின்றி விட்டுவிடாமல், அப்பாட்டுக்கே உரிய தொடரைக் கொண்டு அடையாளம் இட்டனர் என்பது மற்றொன்று. அடையாளப் பெயர் ஆசிரியர் ஒருவர் உண்டு என்பதனை நினைவுறுத்துகின்றது. அவர் இன்னார் என்று பொய்யும் கூறுவதில்லை.

ஆட்டம், மெட்டு, பாட்டு

கும்மி எனப்படுவது ஆட்டம், மெட்டு, பாட்டு என்னும் மூன்றின் சேர்க்கை. எதன் ஆசிரியரைத் தேடுகின்றோம் என்பதனை முதற்கண் தெளிதல் வேண்டும். இதனை விளக்க மேலைநாட்டு ஒப்பீடு ஒன்று உதவும்.

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் வேரூன்றிய காண்ட்ரா நடனத்தில் ஆடுவோர் நீண்ட வரிசைகளாக எதிரெதிர் நின்று இணை இணையாக ஆடுவர். அதன் மூலங்களுள் ஒன்றாகிய ஆங்கில நாட்டுப்புற நடனங்களை ஜான் பிளேஃபோர்டு 1651இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அந்நூல் நடனங்களின் பெயரையும் மெட்டையும் தரும். இயற்றியோர் பெயரைத் தருவதில்லை. இக்காலக் காண்ட்ரா நடனங்கள் பலவற்றுக்கு ஆக்கியோர் உளர். எனினும் ஆட்டம் நடத்துவோர் குறிப்புச் சீட்டில் அசைவுகளை மட்டும் எழுதிக்கொள்வதால், தலைப்பும் ஆக்கியோர் பெயரும் விடுபட்டுப் போவதுண்டு. அங்கே ஒரு சுற்று பொதுவாக 64 தாள அடிகளைக் கொண்டது. அவ்வெல்லைக்குள் எவ்வசைவு எதன்பின் வருகின்றது என்னும் வரிசையே நடனத்தின் அடையாளம். மெட்டு மாறினும் நடனம் மாறாது. ஆதலின் பெயரற்ற நடனத்தின் அசைவு வரிசையை, ரால்ஃப் பேஜ் 1949 முதல் 1984 வரை வெளியிட்ட 'நார்தர்ன் ஜங்கெட்' போன்ற இதழ்களிலும் நூல்களிலும் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பெயரைத் துணிவர்.

நம் கும்மியில் இந்நிலை தலைகீழாகும். குனிந்து கொட்டல், நிமிர்ந்து கொட்டல், முன்சென்று மீளல், திரும்பி எதிரிணையோடு கை தட்டல் ஆகிய அசைவுகள் பல பாட்டுகளுக்கும் பொது. மெட்டும் பொது. பாட்டின் சொல்லே ஒன்றனை மற்றொன்றினின்று பிரிக்கின்றது. ஆகவே ஆசிரியர் பற்றிய ஆராய்ச்சி பாட்டின்மேற் செல்ல வேண்டும். ஆட்டத்தைப் பயிற்றிய அண்ணாவியாரைப் பாட்டின் ஆசிரியர் எனக் கொள்ளுதலும், பாட்டின் ஆசிரியரை மெட்டின் ஆசிரியர் எனக் கொள்ளுதலும் பிழையாய் முடியும். ஒயிலாட்டக் குழுக்களில் பயிற்றுநர் பெயர் பெருமதிப்போடு சொல்லப்படுவதால், அப்பெயர் பாட்டுக்கும் ஏறிவிடும் என்பதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

அகச்சான்றுகள்

முதற்சான்று முத்திரை. ஆசிரியர் தம் பெயரை அல்லது ஊரைப் பாட்டுள் வைப்பது சிந்து, கும்மி, கீர்த்தனை ஆகியவற்றின் மரபு. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் (1865–1891) கழுகுமலை முருகன் மீது பாடிய காவடிச்சிந்தில் தம் ஊரையும் பெயரையும் பொதிந்து வைத்தமை யாவரும் அறிந்தது. முத்திரையை ஆராயும்போது பெயர் எவ்வுறவில் வருகின்றது என்று காணுதல் வேண்டும். பாடினோன் பெயரோ, பாடுவித்தோன் பெயரோ, ஆசிரியரின் குருவின் பெயரோ, பாட்டுடைத் தெய்வத்தின் பெயரோ என்பது வினைச்சொல்லால் விளங்கும். 'தாசன்' என்று முடியும் பெயர்கள் ஐயத்துக்கு இடமானவை; அவை ஒருவர் இயற்பெயராகவும் இருக்கலாம், அடியவர் எவர்க்கும் பொருந்தும் பொதுப்பெயராகவும் இருக்கலாம்.

இரண்டாவது, காப்பும் அவையடக்கமும். வாய்மொழியாகவே வளர்ந்த பாட்டு நேரே பொருளிற் புகும். பிள்ளையார் காப்பு, கலைமகள் வணக்கம், அவையடக்கம் என முறைப்படி தொடங்குவது நூல் மரபு கற்ற ஒருவர் இயற்றியதாதல் கூடும். நன்னூல் பாயிரம் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினைக் கூறும். இவற்றுள் எவை பாட்டின் தொடக்கத்தில் உள்ளன என்று ஒத்துப்பார்த்தல் எளிய முதற்சோதனை.

மூன்றாவது, யாப்பு. இரண்டடிக் கண்ணியும், அடிக்கு எழுசீரும், முதற்சீர்க்கும் ஐந்தாஞ்சீர்க்கும் மோனையும் கும்மியில் பெருவழக்கு. ஒரு பாட்டில் சில கண்ணிகள் இவ்வமைப்பைப் பிறழாது காக்க, வேறு சில நெகிழ்ந்து நிற்குமாயின், பின்னவை இடையிற் சேர்க்கப்பட்டனவோ என ஐயுறுதல் தகும். ஒரு பாட்டுக்கு ஆசிரியர் இருவர் மூவர் இருத்தலும் இவ்வாறே வெளிப்படும்.

நான்காவது, ஊர்ப்பெயர், தெய்வப்பெயர், தொழில், நாணயம், நிகழ்ச்சி ஆகிய குறிப்புகள். முக்கூடற்பள்ளின் ஆசிரியர் இன்னார் என உறுதியாகத் தெரியாதபோதும், வடமலையப்பப் பிள்ளையனைப் பற்றிய குறிப்பு முதலியவற்றைக் கொண்டு அது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு உரியது என்று அறிஞர் கணித்தனர். ஆசிரியர் கிடையாவிடினும் காலமும் களமும் கிடைத்தல் ஆராய்ச்சிக்குப் பேருதவியாகும்.

ஆமத்தூர்ப் பகுதி: ஓர் எடுத்துக்காட்டு

நான்காம் சான்றினைக் கையாளும் முறையை ஓர் இடம்பற்றி விளக்குவோம். ஆமத்தூர் விருதுநகர்க்கும் சிவகாசிக்கும் இடையே உள்ளது. அதனைச் சூழ்ந்த கரிசற்காட்டு ஊர்களில் அம்மன் கோயிற் பொங்கலின்போது முளைப்பாரியை நடுவில் வைத்துப் பெண்கள் கும்மி கொட்டுவர். அப்பகுதியில் முளைப்பாரிக் கும்மி ஒன்று ஆசிரியர் பெயரின்றிக் கிடைத்ததாகவும், அதில் 'விருதுபட்டி' என்ற பெயர் வருவதாகவும் கொள்வோம்.

விருதுபட்டி 1923இல் விருதுநகர் எனப் பெயர் மாற்றம் பெற்றது. எனவே பாட்டு 1923க்கு முற்பட்டது என்று துணியலாமோ எனின், இயலாது. பெயர் மாறிய பின்னும் பழம்பெயர் மக்கள் வாயில் நெடுநாள் வழங்கும். பழம்பெயர் பாட்டின் பின்னெல்லையைக் காட்டுவதில்லை. மறுதலையாகப் பாட்டில் 'விருதுநகர்' என வருமாயின் அது 1923க்குப் பிற்பட்டது எனலாமோ எனின், அதுவும் முழுதும் பொருந்தாது. பாடுவோர் தம் காலத்துக்கு ஏற்பப் பெயரை மாற்றியிருக்கலாம். இவ்விரு சொற்களும் நிரை நிரை நேர் என அலகு பெற்றுக் கருவிளங்காய்ச் சீராகவே நிற்கின்றன. மாத்திரையும் இரண்டுக்கும் ஐந்தரையே. முதலெழுத்தும் இரண்டாமெழுத்தும் ஒன்றாதலின் மோனையும் எதுகையும் கெடா. ஆகவே ஒன்றன் இடத்தில் மற்றொன்றைப் பாடினால் ஓசை சிறிதும் முறியாது. மாற்றம் நிகழ்ந்தமை செவிக்குப் புலப்படாது.

ஆயின் அச்சொல் இயைபு நிற்கும் இடத்தில் வந்திருப்பின் நிலை வேறு. 'கட்டி', 'தட்டி' என முடியும் கண்ணியில் 'விருதுபட்டி' இயைபாகப் பொருந்தும், 'விருதுநகர்' பொருந்தாது. ஏனைய கண்ணிகளெல்லாம் இயைபுற்று வர, இவ்வொரு கண்ணி மட்டும் 'தட்டி' என்பதற்கு எதிரே 'விருதுநகர்' என நிற்குமாயின், அங்கே பழைய பாடம் 'விருதுபட்டி' என்பது பெருவாய்ப்புடைய துணிபு. இதனால் பெறப்படும் விதி இதுவாகும்: காலச்சான்றாக வரும் சொல், தொடையாற் காக்கப்பட்டிருந்தால் வலிமை உடையது, தொடைக்குப் புறம்பாயின் வலிமை குன்றியது.

பிற குறிப்புகளையும் இவ்விதியோடு பொருத்திக் காணலாம். இப்பகுதி 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், பின் இராமநாதபுரம் மாவட்டத்திலும், 1985 முதல் விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டத்திலும் அடங்கியது. விருதுநகரிலிருந்து சிவகாசி வழியாகத் தென்காசி செல்லும் இருப்புப்பாதை 1927இல் திறக்கப்பட்டது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1923இல் அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோரால் தொடங்கப்பெற்றது. தீப்பெட்டி என்னும் பொருள் அதற்கு முன்பே அயல்நாட்டிலிருந்து வந்து வழங்கியதாதலின், அச்சொல் மட்டும் காலம் காட்டாது. பெண்கள் தீப்பெட்டி ஆபீசுக்குச் செல்வதும், பெட்டி ஒட்டுவதும், குச்சி அடுக்குவதும் பாட்டில் வருமாயின், அக்கண்ணிகள் அத்தொழில் வேரூன்றிய பின் எழுந்தன எனலாம். அக்கண்ணிகளின் காலம் முழுப் பாட்டின் காலமாகாது என்பதும் உடன் கருதத்தக்கது. பழைய கும்மியொன்றில் தொழிலாளப் பெண்ணொருத்தி தன் வாழ்வைக் கூறும் கண்ணிகளை இணைத்திருத்தல் கூடும். அவளும் ஓர் ஆசிரியையே. அவளை 'இடைச்செருகல்' என்ற ஒரு சொல்லால் நீக்கிவிடுதல் நேர்மையாகாது.

புறச்சான்றுகள்

1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டம், அச்சிடும் ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டோர் பெயரும் இடமும் இருத்தல் வேண்டும் என விதித்தது. அச்சட்டப்படி பதிவான நூல்களின் பட்டியல்கள் காலாண்டுதோறும் மாகாண அரசினரால் வெளியிடப்பட்டன. அதற்கு முற்பட்ட நூல்களுக்கு ஜான் மர்டாக் 1865இல் வெளியிட்ட தமிழ் அச்சு நூற்பட்டியல் துணையாகும். கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய நூல்களைக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகம் இத்தகைய சிறு நூல்கள் பலவற்றைக் காத்து வருகின்றது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'முச்சந்தி இலக்கியம்' (2004) இவ்வகை நூல்களின் உலகை விரிவாகக் காட்டும்.

இவற்றைப் பயன்கொள்வோர் மூன்று இடங்களில் விழிப்பாயிருத்தல் வேண்டும். முதலாவது, மேலுறையில் 'இயற்றியது', 'பார்வையிட்டது', 'பதிப்பித்தது' என்னும் சொற்கள் வெவ்வேறு பெயர்களோடு வரும். பார்வையிட்டவரையோ பதிப்பித்தவரையோ ஆசிரியராகப் பட்டியலிற் சேர்த்துவிடுதல் எளிதில் நேரும் பிழை. ஏட்டுச் சுவடியின் இறுதியில் உள்ள பெயரும் பெரும்பாலும் படியெடுத்தவர் பெயரே. இரண்டாவது, 'கும்மி' என்பது 'கொம்மி' எனவும் எழுதப்படும். வள்ளலார் பாடியது 'சண்முகர் கொம்மி' என்றே வழங்குகின்றது. ஒரு வடிவத்தை மட்டும் தேடுவோர் பாதியைத் தவற விடுவர். மூன்றாவது, 'இன்ன பாட்டின் மெட்டு' என்னும் குறிப்பு. தமிழின் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' வெளிவந்தது 1931இல் ஆதலின், திரைப்பாட்டின் மெட்டைச் சுட்டும் பதிப்பு அதற்குப் பிற்பட்டது. ஆயினும் அது அப்பதிப்பின் காலமேயன்றிப் பாட்டின் காலமாகாது. பழம்பாட்டுக்குப் புது மெட்டு ஏற்றுதல் வெளியீட்டாளர் வழக்கம்.

தலைப்பும் இவ்வாறே ஆராயற்பாலது. நூற்பெயர் முதனூல், கருத்தன், அளவு, மிகுதி, பொருள், செய்வித்தோன், தன்மை முதலியவற்றாலும் இடுகுறியாலும் வரும் என்பது நன்னூல். பாரதியாரின் 'பெண்கள் விடுதலைக் கும்மி' பொருளாற் பெயர் பெற்றது. வாய்மொழியில் அதே பாட்டு முதலடியாலோ, கோயிலாலோ, பாடிய பெண்ணின் ஊராலோ வழங்கக்கூடும். இரு பெயர் கண்ட இடத்து இரு பாட்டு என்றும், ஒரு பெயர் கண்ட இடத்து ஒரு பாட்டு என்றும் கொள்ளாமல் கண்ணிகளை ஒப்பிட்ட பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

சங்க நூற்பதிப்புகளுக்கு உ. வே. சாமிநாதையர் போன்றோர் அமைத்த பாட்டு முதற்குறிப்பு அகராதி நமக்குப் பழகிய கருவி. கும்மிக்கு அது போதாது. பெண்களைக் கும்மி கொட்ட அழைக்கும் பொதுத்தொடரால் எண்ணற்ற பாட்டுகள் தொடங்குகின்றன. ஆகவே முதலடியோடு, மறித்து வரும் தொடர், மெட்டு, தெய்வம், ஊர், முத்திரை ஆகிய ஐந்தினையும் தனித்தனி நிரலாகக் கொண்ட அகராதியே பயன்படும்.

துணிபின் அளவு

சான்றுகளின் வலிமை ஒத்ததன்று, துணிபும் ஒத்ததாகாது. முத்திரையும் அச்சு நூலும் ஒத்து நின்றால் 'உறுதி' எனலாம். ஒன்று மட்டும் கிடைத்தால் 'பெருவாய்ப்பு' எனலாம். நடை ஒப்புமை ஒன்றே கொண்டு கூறுவது 'கருதுகோள்' என்னும் அளவில் நிற்க வேண்டும். கும்மி போன்ற பொதுத்தொடர் மிக்க இலக்கியத்தில் நடை ஒப்புமை எளிதில் ஏமாற்றும். நல்ல சிந்துகளையெல்லாம் அண்ணாமலை ரெட்டியாருக்கும், விடுதலை பேசும் கும்மிகளையெல்லாம் பாரதியாருக்கும் உரியனவாக்கும் மனப்பாங்கு, பெயரில்லை என்று விடுவதினும் தீங்கு பயப்பது. பெயரற்ற இடம் பின்வருவோரைத் தேடத் தூண்டும். பொய்ப்பெயர் இட்ட இடமோ தேடலை நிறுத்திவிடும்.

எச்சான்றும் கிடையாத இடத்துச் சங்கத் தொகுப்பாளர் வழியே தக்கது. பாட்டில் உள்ள அருந்தொடர் ஒன்றால் அடையாளப் பெயர் இட்டு, அது அடையாளப் பெயரே என்பதனையும் குறித்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், கும்மிப் பாட்டுகளின் ஆசிரியரின்மை பலவிடத்து வழக்காற்றாலும் அச்சாலும் நம் வினாவின் குறையாலும் நேர்ந்தது என்பதும், முத்திரை, தொடையாற் காக்கப்பட்ட சொல், அச்சுப் பதிவு ஆகியன அதனை ஓரளவு நீக்கவல்லன என்பதும் பெறப்பட்டன. இனித் தொகுப்போர் ஒவ்வொரு பாட்டுக்கும் இயற்றியவர், இணைத்தவர், பாடியவர், பதிவு செய்தவர் என நான்கு இடம் ஒதுக்கி, தெரியாத இடத்தைத் 'தெரியவில்லை' என்றே நிரப்புதல் வேண்டும். 'இல்லை' என்று எழுதலாகாது. தமிழ்த்துறைகளில் உறங்கும் ஆய்வேட்டுப் பின்னிணைப்புகளை இம்முறையில் மீண்டும் ஒழுங்குபடுத்துதல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணி. ஏட்டிலும் அச்சிலும் உள்ளவை காத்திருக்கும். எண்பது வயதில், தனக்குக் கும்மி கற்பித்தவள் பெயரை இன்னும் நினைவில் வைத்திருக்கும் பாட்டியிடம் கேட்க வேண்டியதை முதலிற் கேட்டல் வேண்டும்.